குற்றவாளி விமானியா, பனிச்சேறா?

எங்கள் சிவகிரிப் பக்கம் நடவுக் காலத்தில் எரு ஏற்றிய மாட்டுவண்டி வயலில் இறங்கினால், சில வேளைகளில் சக்கரம் புதைந்து நின்றுவிடும். வண்டிக்காரரை யாரும் குற்றம் சொல்வதில்லை. சேறுதான் காரணம் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு விமானம் அவ்வாறு தடைப்பட்டபோது, விமானியின் மீது விழுந்த பழி நீங்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்த விசாரணைகள் அறிவியல் முறைப்படி நடந்தனவா என்று பார்ப்போம்.

1958 பிப்ரவரி 6. ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவினரை ஏற்றிய 'அம்பாசடர்' என்ற இரட்டை எஞ்சின் விமானம், பாதி உருகிய பனி சேறாகக் கிடந்த ஓடுபாதையில் மூன்றாம் முறையாக ஓடத் தொடங்கியது. எஞ்சின் கோளாறு காரணமாக முதல் இரு முயற்சிகளும் கைவிடப்பட்டிருந்தன. இம்முறை வேகம் 117 நாட், அதாவது மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டரை எட்டியது. பின்னர் அது 105 நாட்டாகக் குறைந்தது என்று தலைமை விமானி ஜேம்ஸ் தெய்ன் கூறினார். விமானம் மேலெழவில்லை. வேலியை உடைத்துச் சென்று ஒரு வீட்டில் மோதியது. அதிலிருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். அவர்களுள் 8 பேர் விளையாட்டு வீரர்கள்.

ஜெர்மானிய விசாரணைக் குழு 1959-இல் தீர்ப்புக் கூறியது: இறக்கைகளில் பனிக்கட்டி உறைந்திருந்தது, அதை அகற்றாதது விமானியின் தவறு. இதற்குக் காட்டிய முக்கியச் சான்று, விபத்து நடந்து சுமார் ஆறு மணி நேரம் கழித்து இறக்கையின் மேல் காணப்பட்ட பனிக்கட்டி! கொட்டும் பனியில், எஞ்சின் நின்று குளிர்ந்துபோன இறக்கையில் அத்தனை நேரத்துக்குப் பின் கண்டதை, புறப்பட்டபோதும் இருந்ததாகக் கொள்வது சரியா? பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாணவர் இப்படி அளவெடுத்தால் நாம் மதிப்பெண் தருவோமா?

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. இறக்கையில் பனி உறைந்தால் தூக்கு விசை குறையும். விமானம் எழும்பத் தயங்கும். ஆனால் தரையில் முழு உந்துவிசையுடன் ஓடும் விமானத்தின் வேகம் திடீரென்று குறைய வேண்டுமானால், பின்னோக்கி இழுக்கும் பெரிய விசை ஒன்று வேண்டும். அதைத் தந்தது எது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சக்கரம், 1 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது நொடிக்கு 150 கிலோகிராம் நீரை ஒதுக்கியாக வேண்டும். அந்த நீருக்குச் சக்கரம் தன் வேகத்தையே கொடுப்பதாகக் கொண்டால், உந்த மாற்றத்தின்படி தடை 7,500 நியூட்டன். ஏறக்குறைய 765 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் பாதியானால் தடை நான்கில் ஒரு பங்காகும். ஆழம் கூடினால் தடையும் அதே விகிதத்தில் கூடும். சக்கரம் நீரின் மேல் வழுக்கி மிதக்கத் தொடங்கும் வரை இக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். மியூனிக் ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் மற்ற விமானங்களின் சக்கரங்கள் படாததால் அங்கே பனிச்சேறு கலையாமல் கிடந்தது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

1960-களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் பனிச்சேற்றின் தடையை உறுதி செய்தன. எனினும் 1965-இல் மீண்டும் கூடிய ஜெர்மானியக் குழு, இறக்கைப் பனியையே முக்கியக் காரணமாகக் கொண்டது. 1969-இல்தான் பிரிட்டிஷ் ஆணையம், காரணம் பனிச்சேறே, விமானி குற்றமற்றவர் என்று அறிவித்தது. இறக்கையில் பனி தெரிவதாகச் சொல்லப்பட்ட புகைப்படத்தின் மூல நெகட்டிவை ஆராய்ந்தபோது, அது வெறும் ஒளிப் பிரதிபலிப்பு என்பதும் தெரிந்தது. அதற்குள் தெய்ன் வேலையை இழந்திருந்தார். 1975-இல் அவர் காலமானார்.

ஜெர்மானியக் குழுவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "உராய்வு வேகத்தைப் பொறுத்ததன்று" என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அவ்விதி உலர்ந்த திடப் பரப்புகளுக்கே ஓரளவு பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன்.

அனுபவம் இதை முன்பே அறிந்திருந்தது. 1932-இல் ஜே.ஆர்.டி. டாடா தபால் விமானப் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்தில், பம்பாயின் ஜூஹூ மண் தளம் மழைக்காலத்தில் பயன்படாது. விமானங்கள் பூனாவிலிருந்து இயக்கப்பட்டன. இன்று பிரிட்டனின் விமானத் துறை சிறு விமான ஓட்டிகளுக்குத் தரும் அறிவுரையில், ஈரப் புல்தரையில் புறப்பட 30 விழுக்காடும், இளகிய தரையில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ ஓட்டத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் பெருக்க வேண்டும்: 600 மீட்டரில் எழும் விமானத்துக்கு 975 மீட்டர் தேவைப்படும்.

ஆகவே மாணவர்களே, விபத்துச் செய்தியில் "விமானியின் தவறு" என்று படிக்கும்போது உடனே நம்பிவிடாதீர்கள். எந்த விசை, எந்தத் திசையில், எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். மியூனிக்கில் இக்கேள்விகளைத் தொடக்கத்திலேயே முறையாகக் கேட்டிருந்தால், ஒரு மனிதர் பதினோரு ஆண்டுகள் பழி சுமந்திருக்க வேண்டியதில்லை.