மதகுக்கு முன்னால் ஒரு பொறியாளர்

தலைமைப் பண்பு பற்றிப் பேசும் நிர்வாகவியல் புத்தகங்களில் ஒரு அத்தியாயம் தவறாமல் இருக்கும். உடனடி இலக்கு ஒரு கையில், தொலைநோக்குத் திட்டம் இன்னொரு கையில். நல்ல தலைவர் இரண்டையும் சமன் செய்தபடி துணிந்து முடிவெடுப்பார். உதாரணத்துக்குக் கோடாக் வரும், அமேசான் வரும். எனக்கு அந்த அத்தியாயத்தோடு ரொம்ப நாளா ஒரு சண்டை. துணிவது யார், அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. கேட்க வேண்டுமானால் மேற்குத் தாம்பரத்திலிருந்து வண்டி ஓட்டிப் போகிற தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பாசனத்துக்கென்று உருவான ஏரி, பிறகு சென்னைக்குக் குடிநீர் தருவதாயிற்று. குடிநீர் ஏரி என்றால் நவம்பரில் நிரப்பி வைக்கணும். வெள்ளத்தைத் தாங்குகிற ஏரி என்றால் அதே நவம்பரில் காலியாக இடம் வைக்கணும். ஒரே ஏரியிடம் இரண்டையும் கேட்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னைக் குடிநீர் வாரியம் ஒரு நல்ல காலத்தில் நாளொன்றுக்குக் கொடுத்த தண்ணீர் சுமார் 830 மில்லியன் லிட்டர். ஆயிரம் மில்லியன் கன அடி இருந்தால் அதை வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஊரை ஓட்டலாம். ஏரியின் மேல் இரண்டு அடியைக் காலியாக விட்டால், அரை மாதக் குடிநீரை முன்கூட்டியே கடலுக்கு அனுப்பியதாகக் கணக்கு. மழை பெய்யாமல் போனால் அடுத்த மே மாதம் காலிக் குடத்தோடு சாலை மறியல் நடக்கும். கேள்வி கேட்பார்கள்: "தண்ணியைத் திறந்து விட்டது யாரு?"

2015 டிசம்பர் 1 அன்று இந்தக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அதற்கு முந்தைய மாதம் முழுக்கச் சென்னையில் பெய்ததே ஒரு மீட்டருக்கு மேல். ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போயிற்று. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகிவிடும். சைதாப்பேட்டையும் ஜாஃபர்கான்பேட்டையும் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் நடந்த விவாதத்தைத்தான் நான் விமர்சிக்க விரும்புகிறேன். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்து மதகைத் தாமதமாகத் திறந்தார்கள் என்றது ஒரு தரப்பு. அன்றைய தலைமைச் செயலாளர் கே. ஞானதேசிகன் நீண்ட விளக்கம் கொடுத்தார். யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை, மதகை இயக்கும் அதிகாரம் பொறியாளர்களிடமே இருக்கிறது என்பது அதன் சாரம். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. அந்த அறிக்கை நிலப் பயன்பாடு பற்றியும் ஆக்கிரமிப்பு பற்றியும் நிறையவே பேசுகிறது. ஆனால் தலைப்புச் செய்தியாகி நிலைத்தது மதகு மட்டும்தான். மதகு என்றால் ஒரு ராத்திரி இருக்கிறது, ஒரு ஷட்டர் இருக்கிறது, திறந்த ஒரு கை இருக்கிறது. கதை சொல்ல வசதி.

தலைமைச் செயலாளரின் விளக்கத்தை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்வோம். எனக்கு அது இன்னும் பெரிய குற்றச்சாட்டாகத் தெரிகிறது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு நகரம் கோடையில் வறட்சியைத் தாங்கணுமா, மழையில் வெள்ளத்தைத் தாங்கணுமா என்பது கொள்கை முடிவு. அதை அமைச்சரவை எடுக்கணும். அக்டோபரில் எத்தனை அடி, நவம்பர் கடைசியில் எத்தனை அடி, வானிலை எச்சரிக்கை வந்தால் எத்தனை அடி குறைப்பது என்று எழுதி, "இதனால் கோடையில் தட்டுப்பாடு வந்தால் பொறுப்பு எங்களுடையது" என்று கையெழுத்துப் போடணும். அப்படிச் செய்யாமல், "முடிவு உங்களுடையது" என்று கொட்டுகிற மழையில் ஒரு செயற்பொறியாளரிடம் விடுவதற்குப் பெயர் அதிகாரப் பரவலாக்கமா? முன்னாடியே திறந்து மழை ஏமாற்றினால் அவர் மாட்டிக்கொள்வார். திறக்காமல் இருந்து மழை பெய்தால் "யாருமே எதிர்பார்க்காத மழை" என்று சொல்லலாம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் காத்திருக்கத்தான் செய்வார்கள்.

அந்தப் பயம் ஆதாரமில்லாததும் இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வெள்ளம் வந்து ஒன்றரை வருஷத்துக்குள், 2017 கோடையில், மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் வெடித்த தரையாகக் கிடந்தது. பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 830 மில்லியன் லிட்டருக்குப் பழகிய ஊருக்கு அது தொண்டையை நனைக்கக்கூடப் போதாது. ஆனால் வாழைமரம் கட்டி வந்த ரயிலை டி.வி.யில் காட்டலாம்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரி 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்தார்கள், 2015-க்குப் பிறகு முதல்முறை. முதலில் விநாடிக்கு ஆயிரம் கன அடி, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். முழு உயரத்துக்கு இரண்டு அடி கீழேயே முடிவெடுத்தது எனக்கு நல்ல மாற்றமாகத் தெரிந்தது. இங்கே ஒன்றைச் சொல்லணும். அந்த இரண்டு அடியை விட்டுக்கொடுக்கும் தைரியம் எங்கிருந்து வருகிறது? 2015-இன் அடி ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொன்று வேறு இடத்தில் இருக்கிறது. 2004-இல் வீராணம் தண்ணீர் வந்தது, 2010-இல் மீஞ்சூர், 2013-இல் நெம்மேலி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 150 மில்லியன் லிட்டருக்கு இரண்டாவது ஆலை திறந்தார்கள். இது வருஷம் முழுக்க முழு அளவில் ஓடினால் கிடைப்பது சுமார் 1,900 மில்லியன் கன அடி, அதாவது பாதிச் செம்பரம்பாக்கத்துக்கு மேல். நெம்மேலியில் கடல்நீரைக் காய்ச்சாமல் வடிகட்டி எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும், நவம்பரில் ஏரியில் ஒரு லிட்டர் இடத்தைக் காலியாக வைக்க உதவும். ஆனால் அந்தத் திறப்பு விழாவில் வெள்ளத் தடுப்பு பற்றி யாராவது பேசினார்களா? குடிநீர் வாரியத்தின் ஃபைல் வேறு, நீர்வளத் துறையின் ஃபைல் வேறு. கடல்நீர் ஆலைக்கு மின்சாரச் செலவு அதிகம், கடலில் விடுகிற உப்புநீரைப் பற்றி மீனவர்களுக்குப் புகார் உண்டு, அதெல்லாம் தனி விவாதம். வெள்ள இடத்தின் மதிப்பைச் சேர்க்காமல் அதன் லாப நட்டக் கணக்கைப் போடுவது தப்பு என்பதுதான் என் வாதம்.

இனி எங்க ஊருக்கு வருகிறேன். மதகுக் கதை இங்கே உடைந்து போகிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அடையாறு ஆதனூர்ப் பக்கம் தொடங்கி மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் வழியாகத் திருநீர்மலைக்கு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேர்வதே திருநீர்மலை அருகில்தான். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருக்கின்றன. இங்கே 2015 நவம்பர் நடுவிலேயே படகு ஓடியது. டிசம்பரில் மறுபடி. 2021-இல் தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர். செம்பரம்பாக்கம் மதகை எவ்வளவு கச்சிதமாகத் திறந்திருந்தாலும் முடிச்சூருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வரும் தண்ணீர் இது. அதைத் திறக்கவும் மூடவும் ஆள் கிடையாது.

அப்படியானால் இங்கே முடிவெடுத்தது யார்? ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் கொடுத்த கை, பத்திரப் பதிவு வருமானத்தைப் பார்த்து மகிழ்ந்த கை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலையை இந்தத் தாழ்நிலத்து வழியே கொண்டுபோன கை. அந்தச் சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; நானே அதில்தான் போகிறேன். ஆனால் சாலை வருது என்றதும் மனை விலை ஏறியது, மனை விலை ஏறியதும் வயல் பிளாட் ஆனது. ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டுக்குச் சரியான, லாபமான குறுகியகால முடிவு. எதற்கும் ஒரு டிசம்பர் 1 கிடையாது. அதனால் தணிக்கையிலும் அதற்கு முகம் கிடைப்பதில்லை.

பக்கத்துத் தெரு ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர், பி.எஃப். பணத்தில் வீடு கட்டியவர், போன மழைக்கு முன்னால் சொன்னார்: "தம்பி, அக்டோபர் வந்தா ஃபிரிட்ஜை மேல ஏத்திடுவேன். பீரோவுக்கு அடியில செங்கல் வச்சிருக்கேன். மோட்டாரை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல." இடர் மேலாண்மை என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அது நடைமுறையில் இப்படி, மூன்று செங்கல் உயரத்தில் இருக்கிறது. துணிந்து முடிவெடுத்தவர்கள் எவர் வீட்டு மோட்டாரும் இதில் இல்லை.

நீண்டகாலத் திட்டமே இல்லை என்று சொன்னால் பொய். அடையாற்றை இந்தப் பகுதியில் அகலப்படுத்தினார்கள், ஆக்கிரமிப்புகளை எடுத்தார்கள். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டி, மேலேயே தண்ணீரைப் பிடித்து வைக்கும் திட்டம் வந்தது. என் கணிப்பில் இந்தப் பகுதிக்கு இதுவரை யோசித்ததில் உருப்படியானது அதுதான், ஏனென்றால் தண்ணீர் முடிச்சூருக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஒரு மதகு கிடைக்கிறது. நிலம் எடுப்பதில் அது வருஷக்கணக்கில் இழுத்தது.

இதில் நிர்வாக எல்லை வேறு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. முடிச்சூர் சேரவில்லை, ஊராட்சியாகவே நின்றது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது முடிச்சூர் செங்கல்பட்டுக்குப் போனது, அதை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரத்தில் தங்கிவிட்டது. தண்ணீர் ஒன்றாகத்தான் வருகிறது. மனு மட்டும் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும்.

ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் சொல்கிறார்கள். இத்தனை அடி, இத்தனை சதவீதம். அந்த மட்டத்தை இன்றைக்கு அப்படி வைத்திருக்க முடிவு செய்தது யார், எந்தக் கணிப்பை நம்பி, மழை வராவிட்டால் ஈடு எங்கிருந்து வரும் என்று ஒரு பக்கத் தாள் அக்டோபர் 1-ஆம் தேதி அமைச்சர் கையெழுத்தோடு வெளிவந்து நான் பார்த்ததில்லை. ஒரத்தூருக்கும் இப்போதே அப்படி ஒரு தாள் எழுதத் தொடங்கலாம், கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.