அவோமீட்டரின் முள்

மின்னளவைக் கருவி வாங்கப் புகுவோர், எண்களை மின்னிக் காட்டும் நவீன மல்டிமீட்டர்களின் மலிவிலும் லாகவத்திலும் மனம் மயங்குவது சகஜமேயெனினும், பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பொறியாளர் டொனால்ட் மெக்காடியின் கற்பனையில் உதித்து 1923இல் விற்பனைக்கு வந்த அவோமீட்டரின் வமிசத்தை, விசேஷமாக 1951இல் தோன்றிய எட்டாம் மாடலை, ஒருமுறையேனும் கையாண்டு பார்த்த பிறகே தீர்மானத்துக்கு வருதல் உசிதம். (தூக்கிச் செல்லத் தோள்வலியும் சற்று வேண்டும்.) அதன் அளவுகோலை ஒட்டி மெல்லிய கண்ணாடிப் பட்டையொன்று பதித்திருக்கிறார்கள், முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே ரேகையாகும்படி தலையை நிறுத்திப் படித்தால், பக்கவாட்டுப் பார்வையால் விளையும் பிழை நீங்கிவிடுகிறது. அளவு மீறிய மின்சாரம் பாய்ந்தால் ‘டக்’கென்று தானே தொடர்பை அறுக்கும் பொத்தானோ, அஜாக்கிரதையான கைகளின்மீது அதை நிர்மாணித்தவர்கள் கொண்ட கருணை. வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்னும் அதன் தடை, குறைந்த வோல்ட் அளவுகளில், 10 மெகாஓம் கொண்ட டிஜிட்டல் கருவியின் முன் அற்பமே. நுட்பமான மின்னணுச் சுற்றுகளில், அளக்கப்படும் அழுத்தத்தையே அது தாழ்த்திவிடும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், மின்னேற்றம் முழுதும் இறக்கப்பட்ட பெரிய கப்பாசிட்டர் ஒன்றை ஓம் அளவில் தொடும்போது, முள் துள்ளியெழுந்து, வேகம் குறைந்து குறைந்து மீளும் அந்தக் கதியிலேயே அதன் ஆரோக்கியம் விளங்கிவிடுகிறது. எண்கள் தடுமாறி ஓடும் திரையில் அந்தச் சுகம் கிட்டுவதில்லை.