கறுப்புக் குளவி

ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்தின் தமியா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஹார்னெட் (குளவி), பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும் ரிமோட் கார் அல்ல. பெட்டிக்குள் காரே இருக்காது. பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய பாகங்கள், சின்னச் சின்னப் பைகளில் ஸ்க்ரூக்கள், கொஞ்சம் கிரீஸ், ஒரு கையேடு, அவ்வளவுதான். சிறுவயதில் இதைக் கட்டி ஓட்டிய நான், இடையில் பல வருடங்கள் மறந்தே போனேன். 2004-இல் தமியா மறுபடி வெளியிட்ட அதே ஹார்னெட்டை இப்போது வாங்கிப் பிரித்தபோது, கை முதலில் தேடியது அந்தக் கையேட்டைத்தான்.

தமியாவின் ஆகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால், கார் எதையும் சொல்ல மாட்டேன்; இந்தக் கையேட்டுப் படங்களைச் சொல்வேன். எந்தப் பாகம் எதற்குள் நுழைகிறது, கிரீஸ் எங்கே தடவ வேண்டும் என்பதெல்லாம் கோடுகளிலேயே தெரிந்துவிடும். ஓரத்தில் ஸ்க்ரூக்களை நிஜ அளவிலேயே வரைந்திருப்பார்கள். கையிலுள்ள ஸ்க்ரூவைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. 1976-இல் வந்த தமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார் போர்ஷ் 934. அந்த மாடலைச் சரியாகச் செய்ய வேண்டுமென்று நிறுவனத்தின் ஷுன்ஸாகு தமியா நிஜமான போர்ஷ் 911 ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். அந்தப் பிடிவாதம் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

கட்டுவதில் எனக்கு உயிரான இடங்கள் இரண்டு. ஒன்று, பின் ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் ஊற்றுவது. பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழ் எல்லாம் மேலே வந்து உடையும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் அமுங்கும். மற்றது, பாடிக்கு வண்ணம் அடிப்பது. பாலிகார்பனேட் பாடி கண்ணாடிபோலத் தெளிவானது, வண்ணம் உள்பக்கம்தான். வெளியே மேலாகத் தெரிய வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைகீழ் வரிசை பழகிய ஒன்று. கறுப்பு காய்ந்தபின் வெளிப்பக்கத்துப் பாதுகாப்புப் படலத்தை உரித்தால், அடியிலிருந்து வரும் பளபளப்புக்கு ஈடே கிடையாது.

ஓட்டத்தில் ஹார்னெட் துள்ளும். மோட்டாரும் கியர் பாக்ஸும் பின் அச்சும் ஒரே கட்டாக அசைவதால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். அதே 1984-இல் அமெரிக்காவில் வந்த அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்.சி.10, அலுமினிய அடித்தட்டும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் கொண்டு, பந்தயத்துக்கென்றே பிறந்த கார். அதுதான் மேலான கார், சந்தேகமில்லை. ஆனால் விரலுக்குப் பாடம் சொல்வது ஹார்னெட். மேடு வருமுன்னே வேகத்தைத் தளர்த்தி, தாண்டியதும் மெல்லக் கூட்டக் கற்றுக்கொடுத்துவிடும். அன்றைய ஸ்பீட் கன்ட்ரோலருக்கு மூன்றே படிகள். இன்றைய எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் விரலின் நுண்ணிய அழுத்தத்தையும் மதிக்கிறது. இந்த ஒரு மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

பந்தயத்தில் ஓட்டுநர்கள் உயரமான மேடையில் வரிசையாக நிற்பார்கள். கார் நம்மைவிட்டு விலகிப் போகையில் இடது இடதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். மனம் மேடையை விட்டு இறங்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால்தான் தப்பிக்கலாம். 14 முறை உலகப் பட்டம் வென்ற மஸாமி ஹிரோஸாகாவின் ஓட்டத்தைப் பார்த்தால் இது புரியும். தேவையில்லாத ஒரு திருப்பம்கூட இருக்காது. தன் ஓட்டம் முடிந்தவர் அடுத்த ஓட்டத்தில் வளைவோரம் நின்று, கவிழ்ந்த கார்களை, போட்டியாளரின் காராக இருந்தாலும், நிமிர்த்திவிட வேண்டும் என்ற வழக்கமும் இந்த விளையாட்டில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த மரியாதை அது.

வளைவில் பின்பக்கம் உதறினால், எந்த ஷாக்கில் எண்ணெய் குறைந்திருக்கும் என்று கட்டியவனுக்கு மேடையிலேயே தெரியும். ஓட்டம் முடிந்ததும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதனால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். முதல் ஓட்டத்துக்கு முன்பே, கிட்டோடு வரும் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை மறுபடி முடுக்கும்போது, முதலில் பின்பக்கமாகத் திருப்பி, பழைய மரையில் 'டக்'கென்று விழுந்தபின் முடுக்குங்கள். பல முறை கழற்றினாலும் ஓட்டை எளிதில் தளராது.