பிரதிபை: தூண்டலா, ஒளியா?

கவிதைக்கு மூலம் எதுவென்று கேட்டால் வடமொழி அணிநூலார் 'பிரதிபா' என்பார்கள். தமிழில் பிரதிபை. நம்மவர் பலர் இதைக் 'கவித்தூண்டல்' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

'பா' என்னும் வடமொழி வேருக்கு ஒளிர்தல் என்று பொருள். பிரபை, பானு எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். 'பிரதி' முன்னே சேர்ந்தால் மனத்தில் பளிச்சென்று தோன்றுவது என்றாகிறது. யாரோ வெளியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள் என்ற குறிப்பே இதில் இல்லை. தூண்டல் அப்படியா? அது திரியை ஏற்றிவிடும் வேலை. பித்தளை விளக்கு விற்றே பிழைத்தவன் நான். சுடர் இல்லாத அகலில் தூண்டுகோலை வைத்துக்கொண்டு என்னங்க செய்ய முடியும்?

நம் தண்டியலங்காரத்துக்கு மூலமான காவ்யாதர்சத்தில், பிறவிப் பிரதிபை, கல்வி, விடாப்பயிற்சி மூன்றையும் சேர்த்தே சொல்கிறார் தண்டி. பிரதிபை இல்லாதவனும் படித்து உழைத்தால் நாமகள் கொஞ்சமாவது இரங்குவாள் என்கிறார். 12ஆம் நூற்றாண்டில், நாம் குடியேறிய இதே குஜராத்தில், பாட்டண் நகரில் இருந்த ஹேமசந்திரர் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. காவ்யானுசாசனத்தில் அவர் தீர்ப்பு: காரணம் பிரதிபை ஒன்றே, கல்வியும் பயிற்சியும் அதற்கு மெருகு போடும், அவ்வளவுதான்.

ஆனால் பிரதிபை எப்படி வருகிறது என்பதற்கு அவர் தரும் விளக்கம்தான் அருமை. ஆன்மா சூரியனைப் போல இயல்பிலேயே ஒளியுடையது. ஞானாவரணீயம் முதலிய வினைகள் மேகப்படலம். உதித்த வினை அழிந்து, உதிக்காதது அடங்கும்போது தெரிகிற வெளிச்சமே பிறவிப் பிரதிபை. மந்திரம் முதலியவற்றால் வருவது வேறு வகை. வேர்ச்சொல்லின் ஒளியும் சமணத்தின் வினைக்கொள்கையும் இங்கே ஒன்றாகப் பொருந்துகின்றன.

இங்கேதான் அந்தப் பெரியவரிடம் எனக்கு ஒரு கேள்வி. தத்துவார்த்த சூத்திரப்படி சுவாத்தியாயம், அதாவது நூல் ஓதுதல், அகத்தவம் ஆறில் ஒன்று. தவத்தால் வினை உதிரும். அப்படியானால் படிப்பே மேகத்தைக் கலைக்கலாமே? அதை வெறும் மெருகு என்று ஒதுக்குவானேன்? மந்திரத்துக்குத் தந்த இடத்தைப் படிப்புக்கும் தந்திருக்கலாம்.

"இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்க் கவிதை எங்கே வரப்போகுது?" என்று நம் கூட்டங்களில் சலித்துக்கொள்கிறோம். ஹேமசந்திரர் சொல்லும் ஒளி ஊர் பார்த்து வருவதில்லை. ஆகவே பிரதிபையை 'உள்ளொளி' என்றே பெயர்ப்போம். தூண்டல் என்ற சொல், பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருகிற நமக்கு இருக்கட்டும்.