இணையக் கார்ப் பந்தயமும் ‘வேகம்’ என்ற சொல்லும்

இணையத்தின் வழியே கார்ப் பந்தய ஆட்டங்கள் ஆடுவோருக்கு எத்தகைய இணைப்பு ஏற்றது? இக்கேள்விக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. விளம்பரத் தாள்களும் விற்பனையாளர்களும் பொருள் வாங்க வழிகாட்டும் கட்டுரைகளும் சொல்வது இதுதான்: வேகம் கூடிய இணைப்பை வாங்குங்கள். 40 மெகாபிட் போதாவிட்டால் 100, அதுவும் போதாவிட்டால் 300. மாதக் கட்டணம் ஏறுகிறது. திரையில் பக்கத்துக் கார் துள்ளுவதும் மறைவதும் மட்டும் நிற்பதில்லை. பிள்ளைக்கு ஆடத் தெரியவில்லை என்றோ, ஆட்டமே மோசம் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். மேற்படி அறிவுரையை இயற்பியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதற் குற்றம் சொல்லிலேயே இருக்கிறது. வேகம் என்பது கடந்த தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துப் பெறுவது. ‘வினாடிக்கு 100 மெகாபிட்’ என்பதில் தொலைவு எங்கே இருக்கிறது? பரிமாண வாய்பாடு கற்ற முதலாண்டு மாணவன்கூட இதற்கு வேகம் என்று பெயரிட மாட்டான். வயலுக்கு நீர் பாய்ச்சும் பம்புசெட்டை எண்ணிப் பாருங்கள். வினாடிக்கு எத்தனை லிட்டர் கொட்டுகிறது என்பது ஒன்று. மோட்டாரைப் போட்ட பின் கடைசி வரப்புக்கு நீர் வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது என்பது வேறொன்று. குழாயை அகலமாக்கினால் முதலாவது கூடும். இரண்டாவது அதனால் மட்டும் குறைந்துவிடாது. விளம்பரத்தில் ‘வேகம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது முதலாவதைத்தான், அதாவது குழாயின் அகலத்தை. பந்தய ஆட்டத்துக்கு வேண்டியதோ இரண்டாவது.

அகலம் எவ்வளவு தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காரின் நிலையை விவரிக்க என்னென்ன வேண்டும்? அது நிற்கும் இடம், செல்லும் திசைவேகம், சாய்வு, ஸ்டீயரிங் திருப்பம், பிரேக், கியர். இவற்றை 200 பைட் கொண்ட ஒரு தகவல் பொட்டலத்தில் தாராளமாக அடக்கிவிடலாம். வினாடிக்கு 60 பொட்டலம் அனுப்புவதாகக் கொண்டாலும் 12,000 பைட், அதாவது 96 கிலோபிட்தான் ஆகிறது. ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. களத்தில் முப்பது கார்கள் இருந்து அத்தனையின் செய்தியும் நமக்கு முழுமையாக வந்தாலும் 3 மெகாபிட்டைத் தாண்டாது. எனவே 40 மெகாபிட் இணைப்பை 300 ஆக்குவது, ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ளும் கிணற்றை ஏரியாக வெட்டுவதற்கு ஒப்பாகும்.

அகலம் பயனற்றது என்று சொல்லவில்லை. 100 கிகாபைட் அளவுள்ள ஓர் ஆட்டத்தை முதன்முறை இறக்கிக்கொள்ள 40 மெகாபிட்டில் ஐந்தரை மணி நேரம் ஆகும். 300 மெகாபிட்டில் முக்கால் மணிக்குள் முடியும். ஆனால் அது ஒரு நாள் வேலை. ஆடுவது அன்றாட வேலை.

இனித் தாமதத்துக்கு வருவோம். ஒளியிழையின் கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 4 ஆயிரம் கிலோமீட்டர் செல்கிறது; வெற்றிடத்தில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,030 கிலோமீட்டர். போய்வர 10 மில்லி வினாடி. சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர 28. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் 7,500 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 73க்குக் குறையாது. கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை, இடையில் பல சந்திப்புகளில் நின்று பிரிய வேண்டும். ஆதலால் உண்மையில் கிடைக்கும் எண்கள் இவற்றைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். எந்த நிறுவனம் எவ்வளவு கட்டணம் வாங்கினாலும் இந்த எண்களுக்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே ஆட்டத்தின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய முதற்கேள்வி. நான் படித்த வழிகாட்டிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இதைக் கேட்பதே இல்லை.

செயற்கைக்கோள் இணைப்புக்கும் இதே கணக்குப் பொருந்தும். புவிநிலைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலேறி இறங்க வேண்டும், விடையும் மேலேறி இறங்க வேண்டும். இதற்கே கிட்டத்தட்ட அரை வினாடி கழிந்துவிடும். அதன் அகலம் எவ்வளவு இருந்தாலும் பந்தயத்துக்கு உதவாது. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் இந்தக் குறை அவற்றுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் கோள்கள் ஓயாமல் நகர்வதால் இணைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடி கைமாற வேண்டியிருக்கிறது. இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

சற்று விவரம் அறிந்தவர்கள் ‘வேகத்தைப் பார்க்காதே, பிங் எண்ணைப் பார்’ என்பார்கள். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் முறையை ஒட்டி அதற்கு அப்பெயர் இட்டார். ஒரு பொட்டலம் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அது சொல்லும். இந்த அறிவுரை முன்னதைவிட எவ்வளவோ மேல். எனினும் பந்தய ஆட்டத்தைப் பொறுத்தவரை இதுவும் பாதி உண்மைதான்.

காரணம், இவ்வாட்டங்கள் இயங்கும் விதம். பந்தய ஆட்டங்கள் பலவற்றில் நம் காரின் இயக்கத்தை நம் கணிப்பொறியே கணக்கிடுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே திரும்பும். அதற்கு இணையம் தேவையில்லை. தாமதமாக வருவது மற்றவர்களின் கார்கள் பற்றிய செய்திதான். மணிக்கு 216 கிலோமீட்டரில் செல்லும் கார் வினாடிக்கு 60 மீட்டர் கடக்கிறது. செய்தி 100 மில்லி வினாடி பிந்தி வந்தால் அதற்குள் அந்தக் கார் 6 மீட்டர் முன்னே போயிருக்கும். ஒரு காரின் நீளத்தைவிடக் கூடுதல். செய்தியில் உள்ள இடத்திலேயே காரை வரைந்தால் பந்தயம் நடத்தவே இயலாது. ஆகவே கணிப்பொறி ஊகிக்கிறது. இவ்வளவு திசைவேகத்தில் சென்ற கார் இந்நேரம் இங்கே இருக்கும் என்று கணக்கிட்டு அங்கே வரைகிறது. கடற்பயணத்தில் மாலுமிகள் கரை தெரியாத இடத்தில் தம் கப்பலின் நிலையைக் கணித்த முறையும் இதுவே.

ஊகம் எப்போது பிழைபடும்? அந்தக் கார் இடையில் பிரேக் போட்டிருந்தால். பந்தயக் கார் பிரேக் போடும்போது எதிர்முடுக்கம் 15 மீ/வினாடி² என்று கொள்வோம். பிழையின் அளவு ½at². தாமதம் 50 மில்லி வினாடியானால் பிழை 2 சென்டிமீட்டர்கூட இல்லை. 100 ஆனால் ஏழரை சென்டிமீட்டர். 200 ஆனால் 30 சென்டிமீட்டர். 400 ஆனால் 120 சென்டிமீட்டர். தாமதம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகிறது. பள்ளியில் கற்ற இந்தச் சிறு சமன்பாட்டில் நம் கேள்விக்கான விடை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

இரண்டு இணைப்புகளை ஒப்பிடுவோம். முதலாவதில் தாமதம் எப்போதும் 60 மில்லி வினாடி, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இரண்டாவதில் பெரும்பாலும் 20, ஆனால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை 300க்குத் தாவும். சராசரியைப் பார்த்தால் இரண்டாவதே சிறந்தது என்று தோன்றும். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. முதலாவதில் பிழை 3 சென்டிமீட்டருக்குள். இரண்டாவதில் பெரும்பாலான நேரம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. தாவும் கணத்தில் 67 சென்டிமீட்டர். இரண்டு கார்கள் ஒரு முழ இடைவெளியில் ஒட்டி வளைவுக்குள் நுழையும்போது அந்தத் தாவல் நேர்ந்தால் மோதல்தான். ஆகவே தாமதத்தின் அளவைவிட அதன் சீரின்மையே, ‘நடுக்கம்’ என்று சொல்லத்தக்கதே, இங்கு எதிரி. குறைந்த சராசரியை மட்டும் பாராட்டும் அறிவுரை இதைக் காண்பதில்லை.

நடுக்கத்தின் பிறப்பிடம் பல வேளைகளில் நம் வீடுதான். ரூட்டருக்குள் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்க ஒரு சேமிப்பிடம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது அடுத்த அறையில் ஒருவர் திருமண வீடியோவை மேலேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பிடம் ஒரு மெகாபைட், மேலேற்றும் அகலம் 10 மெகாபிட் என்றால், நிரம்பிய வரிசையின் கடைசியில் நிற்கும் நம் பொட்டலம் 0.8 வினாடி காத்திருக்க வேண்டும். மும்பைக்குப் போய்வரும் நேரத்தைப்போல் எண்பது மடங்கு, வீட்டு வாசலைத் தாண்டுவதற்கே! 300 மெகாபிட்டுக்கு மாறியவர்கள் சிலருக்கு ஆட்டம் சீர்ப்பட்டதும் உண்டு. மேலேற்றும் அகலமும் உடன் கூடி இந்த வரிசை விரைவில் கரைந்ததே அதற்குக் காரணம். ஆனால் பல விளம்பரங்களில் இறக்கும் எண்ணே பெரிதாக இருக்கும். மேலேற்றும் எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்நோய்க்கு மருந்தும் உண்டு. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘கோடெல்’ என்னும் முறை, பொட்டலங்கள் காத்திருக்கும் நேரம் 5 மில்லி வினாடிக்கு மேல் தொடர்ந்து நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவரைத் தானே மெதுவாகச் செய்கிறது. இம்முறையோ இதன் வழிவந்த ஒன்றோ உள்ள ரூட்டர், 300 மெகாபிட் சந்தாவைவிட இந்த வீட்டுக்கு நன்மை செய்யும். கவிழ்த்துப் போட்ட நண்டுபோல் எட்டு ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டு, விளையாட்டுக்கென்றே பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ரூட்டர்களை வாங்குமுன் இந்த ஒன்று அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வைஃபையும் நடுக்கத்தின் ஊற்றுக்கண். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபது வீட்டு ரூட்டர்கள் அம்மூன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில் இரைச்சல் எழுப்புகிறது. ரூட்டரிலிருந்து கணிப்பொறிக்குப் பத்து மீட்டர் ஈதர்நெட் கம்பி இழுத்துவிட்டால் இத்தனையும் ஒரே நாளில் தீரும். கைப்பேசி இணைப்பிலோ கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்கிறது. இரவு எட்டு மணிக்கு அதன் நடுக்கம் ஏறுவது இயல்பு. ஒளியிழை வராத சிற்றூர்களில் வேறு வழி இல்லாதோர் அதிகாலையில் ஆடுவதை நான் அறிவேன்; அவர்கள் கணக்கு அறிந்தவர்கள்.

நம் இணைப்பின் நடுக்கம் நம்மை மட்டும் பாதிப்பதில்லை. நம் திரையில் நம் கார் ஒழுங்காகவே ஓடும். துள்ளுவது மற்றவர் திரையில். நம்மைத் தொடாமலே ஒருவர் தூக்கி எறியப்படுவார், குற்றம் யாருடையது என்று நமக்கே தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போவதும் உண்டு. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் முன்னணியில் இருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் கார் சர்வர் தொடர்பு அறுந்து பின்தங்கி, பிறகு விலகிக்கொண்டது. சர்வர் கோளாறால் அப்போட்டி இருமுறை நிறுத்தவும் பட்டது. ஃபார்முலா ஒன் வாகையருக்கு நல்ல இணைப்பு வாங்க வசதியில்லாமல் போயிருக்காது.

அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் இணைய நிறுவனங்கள், உணவுப் பொட்டலங்களில் சத்து விவரம் அச்சிடுவதுபோல, இறக்கும் அகலம், மேலேற்றும் அகலம், வழக்கமான தாமதம் ஆகியவற்றைக் காட்டும் சீட்டு ஒன்றை வெளியிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. அதிலும் நடுக்கத்துக்கு இடமில்லை. ஆகவே நாமே அளக்க வேண்டியிருக்கிறது. இணைப்பு எடுக்குமுன் அதே நிறுவனத்தின் இணைப்புள்ள பக்கத்து வீட்டில், இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையே, கம்பி வழியாக, ஆட்டத்தின் சர்வர் உள்ள ஊரை நோக்கிப் பதினைந்து நிமிடம் பிங் ஓடவிட்டு, சராசரியை விட்டுவிட்டு உச்ச எண்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு முறை வீட்டார் வீடியோ மேலேற்றும்போதும் அவ்வாறே செய்து பாருங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆட்டமே தொலைதூரக் கணிப்பொறியில் ஓடி, அதன் படம் மட்டும் நம் திரைக்கு வரும் ‘கிளவுட்’ முறையில் ஸ்டீயரிங் திருப்பமும் போய்த்தான் வர வேண்டும். 60 மில்லி வினாடி அங்கே கையிலேயே உறைக்கும். படம் இடைவிடாது வர 20, 25 மெகாபிட் அளவுக்கு அகலமும் தேவைப்படும். அம்முறையில் ஆடுவோர் மட்டும் விளம்பரத் தாளின் பெரிய எண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.