நாலாம் ஞாயிற்றின் படிக்கட்டு

திருவருகைக்காலம் பிறந்ததும் பீடத்தருகே பச்சை இலை வளையம் வந்துவிடும். மூன்று ஊதா மெழுகுவர்த்தி, மகிழ்ச்சி ஞாயிற்றுக்கென்று ஒரு ரோஜா நிறம். 1839இல் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், தம் இல்லத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு நாள் எண்ணப் பழைய வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்தி நட்டாராம். கத்தோலிக்கர் வாங்கிக்கொண்ட நல்ல கடன்!

எங்கள் பங்கில் சவுக்கு இலைதான். எனக்குப் பிடித்தது நாலாம் ஞாயிறு. முதல் வாரத்து மெழுகுவர்த்தி கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து, வழிந்த மெழுகு சவுக்கிலையோடு ஒட்டிக் கிடக்கும். அடுத்தது கொஞ்சம் உயரம், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியாக ஏற்றியது மட்டும் புதுமாப்பிள்ளை போல நெட்டையாக நிற்கும். காத்திருந்த வாரங்களை அப்படியே கண்ணால் அளக்கலாம்.

பேட்டரி மெழுகுவர்த்தியில் இந்தப் படிக்கட்டு கிடையாது. பீடம் அலங்கரிப்பவர்களே, தயவுசெய்து மெழுகையே வாங்குங்கள்.