கயிறு யார் கையில்?

ஆரம்பகால வொண்டர் வுமன் கதைகளில் ஒரு விநோதமான விதி உண்டு. அவள் மணிக்கட்டில் அணிந்த காப்புகள் துப்பாக்கிக் குண்டுகளைத் தெறித்து ஓடவைக்கும். ஆனால் ஓர் ஆண் அந்தக் காப்புகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவளுடைய பலம் முழுதும் வற்றிப்போகும். இடுப்பில் தொங்கும் கயிற்றுக்கும் ஒரு விதி: அதில் கட்டுண்டவர் அவள் சொல்படி நடந்தே ஆகவேண்டும். 1941-இன் கடைசியில் இந்தப் பாத்திரத்தைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்க முயன்ற முன்னோடிகளில் ஒருவர். பெண்கள் உலகை ஆளும் காலம் வரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் போன பிறகு அந்தக் கயிறும் மெல்ல இளைத்தது. எவரையும் பணியவைத்த கயிறு, உண்மையை மட்டும் கக்கவைக்கும் கயிறாயிற்று. சூப்பர் ஹீரோயின்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடை எத்தனை அங்குலம் என்ற கணக்கிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் கதை திரும்பும் இடத்தில் முடிவெடுப்பது யார், அவளுடைய சக்திக்கு எல்லை போடுவது யார் என்று கேட்டால்தான் இந்த எண்பத்துச் சொச்சம் ஆண்டு வரலாறு விளங்கும்.

உடையைப் பற்றிய வழக்கையும் அதற்கு வரும் பதிலையும் முதலில் பார்த்துவிடலாம். 2014-இல் ஸ்பைடர் வுமன் முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. கட்டடத்தின் விளிம்பில் ஏறுகிறவள், எதிரியைப் பார்ப்பதற்காக ஏறவில்லை, பார்க்கப்படுவதற்காக ஏறுகிறாள் என்பது அந்த வளைவிலேயே தெரிந்தது. ஸ்பைடர் மேனும் இப்படித்தானே தவழ்கிறான், அவனுக்கும் தோலோடு ஒட்டிய உடைதானே என்றார்கள் ஆதரவாளர்கள். ஆண் நாயகர்களின் மார்பும் புஜமும் எந்த மனிதனுக்கும் வாய்க்காதவை என்பதும் உண்மை. இதற்கு வாதத்தைவிட நல்ல பதிலை 2012-இலேயே சில ஓவியர்கள் தூரிகையால் தந்திருந்தார்கள். ‘ஹாக்ஐ இனிஷியேட்டிவ்’ என்ற பெயரில், நாயகிகள் நின்ற அதே நிலைகளில் வில்வீரன் ஹாக்ஐயை நிறுத்தி வரைந்தார்கள். இடுப்பு ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், முதுகெலும்பு எங்கோ. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆணின் மிகை உடம்பு ‘நான் இப்படி இருந்தால்’ என்று ஆண் வாசகன் காணும் கனவு. பெண்ணின் மிகை உடம்பும் அதே வாசகனுக்காக வரைந்ததுதான். இரண்டையும் சமமென்று சொல்வது தராசை ஒரே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு எடை சரியென்பதைப் போன்றது.

ஆனாலும் உடைதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. 2017-இல் ஒரே நடிகை, ஏறத்தாழ ஒரே உடையில், இரண்டு படங்களில் வந்தார். ஜூனில் பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் வுமன்’. நவம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’. முதல் படத்தில் காமிரா கால் கடோட்டின் முகத்தையும் கேடயத்தையும் தொடர்கிறது. இரண்டாவதில் சில இடங்களில் தாழ்ந்து, பின்னாலிருந்து தொடர்கிறது. துணி மாறவில்லை, பார்வை மாறியிருக்கிறது. துணி கூடினால் மதிப்பும் கூடும் என்ற நம்பிக்கையைப் பழைய வரலாறும் பொய்யாக்குகிறது. மார்ஸ்டன் காலத்துக் கதைகளில் ஏறக்குறைய இதழுக்கு இதழ் யாராவது யாரையாவது கட்டிப்போட்டார்கள். பதிப்பகத்தின் ஆலோசகர்களில் ஒருவரான ஜோசட் ஃபிராங்க் அப்போதே அதை எதிர்த்தார். எதிர்த்ததில் நியாயமும் உண்டு, மார்ஸ்டனின் சங்கிலி மோகம் அரசியல் மட்டுமில்லை. ஆனால் அந்தக் கதைகளில் கட்டை அறுத்தவள் பெரும்பாலும் அவளேதான். 1947-இல் மார்ஸ்டன் மறைந்தார். 1954-இல் வந்த காமிக்ஸ் ஒழுக்க விதிகள் பெண்களை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரையச் சொன்னன. சங்கிலிகள் குறைந்தன, படங்கள் கண்ணியமாயின. வொண்டர் வுமனோ, காதலன் ஸ்டீவ் டிரெவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக யோசிக்கத் தொடங்கினாள்.

சக்தியைக் கொடுத்துவிட்டு அதை உபயோகிக்கும் உரிமையை மட்டும் பூட்டிவைப்பது அந்தக் காலத்தின் பொது வழக்கம். 1940-களில் ஜஸ்டிஸ் சொசைட்டியில் சேர்ந்த வொண்டர் வுமனுக்குக் கிடைத்த பதவி செயலாளர். ஆண்கள் போருக்குப் போக, அவள் அலுவலகத்தில் இருந்தாள். 1959-இல் வந்த சூப்பர்கேர்ளுக்கு சூப்பர்மேனின் பலம் அத்தனையும் உண்டு. அண்ணன்காரன் அவளை அநாதை இல்லத்தில் விட்டு, தான் சொல்லும்வரை யாருக்கும் தெரியாமல் இரு என்கிறான். 1961-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவின் ஒரே பெண்ணுக்கு வாய்த்த அதிசய ஆற்றலோ, கண்ணுக்குத் தெரியாமல் போவது! இதை யாரும் கேலிக்காக எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை.

பூட்டு கொஞ்சம் தளர்ந்ததும் வந்தது தண்டனை. 1988-இல் வெளிவந்த ‘தி கில்லிங் ஜோக்’ காமிக்ஸ் உலகம் கொண்டாடும் படைப்பு. அதில் பார்பரா கார்டன், அதாவது பேட்கேர்ள், அழைப்பு மணி கேட்டு வீட்டுக் கதவைத் திறக்கிறாள். வாசலில் ஜோக்கர். ஒரே குண்டு, முதுகுத் தண்டு போய்விடுகிறது. அவள் கிடக்கும் நிலையைப் படமெடுத்து, அந்தப் படங்களைக் காட்டி அவள் தந்தையான போலீஸ் கமிஷனரைப் பைத்தியமாக்க முயல்கிறான். கதை கேட்கும் கேள்வி ஆழமானது: ஒரே ஒரு கெட்ட நாள் ஒரு மனிதனை உடைத்துவிடுமா? ஆனால் அந்தக் கேள்வி ஜோக்கரைப் பற்றியது, தந்தையைப் பற்றியது, பேட்மேனைப் பற்றியது. அன்றைக்கு மிகக் கெட்ட நாள் யாருக்கு வாய்த்ததோ அவளிடம் யாரும் கேட்கவில்லை. 1994-இல் கிரீன் லேண்டர்ன் கதையொன்றில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டாள். 1999-இல் கெயில் சிமோன் இப்படி வதைபட்டும் செத்தும் போன பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோது அந்தப் பெட்டியே பட்டியலின் பெயராயிற்று.

ஆண் நாயகர்களும்தானே அடிபடுகிறார்கள், சாகிறார்கள் என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. சரி, ஒப்பிட்டே பார்ப்போம். 1993-இல் பேன் என்ற வில்லன் பேட்மேனின் முதுகை முழங்காலில் வைத்து உடைத்தான். அடுத்த ஆண்டே பேட்மேன் எழுந்து வந்து சண்டை போட்டான். அதே முதுகு, அதே நகரம். பார்பராவோ 2011 வரை சக்கர நாற்காலியில் இருந்தாள். ஆணின் காயம் அவன் கதைக்கு ஓர் அத்தியாயம். பெண்ணின் காயம் பிறர் கதைக்கு ஒரு காரணம். ஆனால் இந்த உதாரணம் இத்தோடு முடிந்துவிட்டால் என் வாதத்துக்கு வசதியாக இருந்திருக்கும், முடியவில்லை. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதி அந்த நாற்காலியிலிருந்தே 1989-இல் ஒரு புதிய ஆளை எழுப்பினார்கள். கணினிகளுக்கு நடுவே அமர்ந்து நாயகர் கூட்டத்துக்கே தகவலும் உத்தரவும் தருகிற ஆரக்கிள். பேட்மேன் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேட்கேர்ளாக இருந்தபோது அவள் ஒரு ஆண் நாயகனின் பெண் பிரதி. ஆரக்கிளுக்கு மூலப்பிரதி கிடையாது. அதனால்தான் 2011-இல் அவளைத் திரும்ப நடக்கவைத்தபோது மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் தங்களுக்கிருந்த ஒரு நாயகியை இழந்ததாக வருந்தினார்கள். அந்த 2011 தொடரை எழுதியவர், பட்டியல் போட்ட அதே கெயில் சிமோன். ஆகவே காயத்தை அழித்துவிட்டால் நீதி வந்துவிடும் என்பதற்கில்லை. காயத்துக்குப் பிறகு கதையை நடத்துவது யார் என்பதே பொருட்டு.

தண்டனைக்கு இன்னொரு வடிவம் உண்டு: சக்தி பெருகிய பெண்ணுக்குப் புத்தி பிறழும். 1980-இல் எக்ஸ்மென் இதழில் ஜீன் கிரே பிரபஞ்ச சக்தி பெற்று, நிலைதடுமாறி, உயிர்கள் வாழும் ஒரு கோளையே பலிகொண்டாள். எழுதியவர்கள் அவள் சக்தியை மட்டும் பறித்து உயிரோடு விட எண்ணியிருந்தார்கள்; தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், இத்தனை பெரிய கொலைக்குத் தண்டனை வேண்டும் என்று நின்றார். ஜீன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள். ஷூட்டரின் நியாயத்தை நான் தள்ளமாட்டேன். கோடிக்கணக்கில் கொன்றவள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால் அந்தக் கதைக்கு எடை ஏது? அந்த முடிவில் அவளுடைய தேர்வும் இருந்தது. ஆனால் ஹாலிவுட் அத்தனை எக்ஸ்மென் கதைகளிலிருந்தும் இதையே 2006-இலும் 2019-இலும் எடுத்துக்கொண்டது. 2006 படத்தில் தேர்வும் அவளிடமிருந்து போய், வுல்வரின் அவளைக் கொல்கிறான், கண்ணீர் அவனுக்கு. இரண்டு படங்களிலும் சிறுவயதிலேயே அவள் மனதுக்குள் தடுப்பு போட்டுவைத்தவர் பேராசிரியர் சேவியர். மார்ஸ்டனின் சங்கிலி மண்டைக்குள் போய்விட்டது. 2022-இல் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் படத்தில் பிள்ளைகளுக்காக ஏங்கிக் கொலைகாரியாகும் வாண்டாவும் இதே வழியில் வந்தவள்தான். ‘கேப்டன் மார்வெல்’ (2019) இதை நேரடியாக எதிர்கொண்ட படம். நாயகியின் கழுத்தில் சக்தியைக் கட்டுப்படுத்தும் சில்லு; உணர்ச்சியை அடக்கு என்று ஓயாமல் சொல்லும் ஆசான். கடைசியில் அவன், சக்தியெல்லாம் வேண்டாம், கையோடு கை மோது, அப்போதுதான் நீ தேறியதாக ஒப்புக்கொள்வேன் என்று சவால் விடுகிறான். அவள் ஒரே வீச்சில் அவனைப் பாறையில் மோதவைத்து, உனக்கு நிரூபிக்க எனக்கு எதுவும் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறாள். படம் மொத்தத்தில் சுமார்தான். அந்தக் காட்சி நிற்கும்.

வியாபாரிகளின் வாதம் சுருக்கமானது: பெண் நாயகி ஓடமாட்டாள். மார்வெலின் ஐசக் பெர்ல்மட்டர் 2014-இல் எழுதிய மின்னஞ்சல் ஒன்று கசிந்தது. அதில் ‘எலக்ட்ரா’, ‘கேட்வுமன்’, ‘சூப்பர்கேர்ள்’ மூன்றும் தோல்விக்குச் சான்றாக வரிசைகட்டி நின்றன. மூன்றும் மோசமான படங்கள் என்ற காரணம் அங்கே இடம்பெறவில்லை. 2011-இல் ‘கிரீன் லேண்டர்ன்’ விழுந்தபோது ஆண்கள் இனி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ‘வொண்டர் வுமன்’ 80 கோடி டாலரையும் ‘கேப்டன் மார்வெல்’ 110 கோடியையும் தாண்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ ஏறத்தாழ 20 கோடியோடு நின்றதும் மறுபடி எழுந்தது.

அந்த வெற்றிகளுக்குப் பிறகு வந்த திருத்தங்களிலும் பழுது இருக்கிறது. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ இறுதிப் போரில் பெண்கள் எல்லோரும் ஒரே சட்டகத்தில் வந்து நிற்கிறார்கள். குழுப் புகைப்படம்; சில விநாடி; அரங்கில் விசில். அதே படத்தில்தான் ஒன்பது ஆண்டு கூட இருந்த பிளாக் விடோ வோர்மிர் மலைமுகட்டிலிருந்து குதித்துச் சாகிறாள். முந்தைய படத்தில் கமோரா என்ற இன்னொரு நாயகி தூக்கியெறியப்பட்டதும் அதே முகட்டிலிருந்துதான். டோனி ஸ்டார்க்குக்கு ஏரிக்கரையில் முழு இறுதிச் சடங்கு. அவளுக்கு நண்பர்கள் நான்கைந்து பேரின் சிறு துக்கம். குதிப்பது அவள் முடிவுதானே, அது தியாகம் அல்லவா என்று கேட்கலாம். அவள் முடிவுதான். ஆனால் அதன் கனம் உணரப்பட வேண்டுமானால் பின்னால் கதை கொஞ்சம் நிற்க வேண்டும், நிற்கவில்லை. இதற்கு எதிரே ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ (2020) படத்தின் ஒரு சின்ன இடம்: கைகலப்பு உச்சத்தில் இருக்கும்போது முடி முகத்தில் விழுந்து தவிக்கும் பிளாக் கேனரியிடம் ஹார்லி குவின், முடி கட்ட ரப்பர் பேண்ட் வேண்டுமா என்று நீட்டுகிறாள். விரித்த கூந்தலோடு நாயகிகளைச் சண்டை போடவைத்த அத்தனை இயக்குநர்களுக்கும் அது ஒரு குட்டு.

நம் பக்கத்துக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2025-இல் டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த மலையாளப் படம் ‘லோகா’ பெருவெற்றி பெற்றது. அதன் சந்திரா வேறு யாருமில்லை, கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டில் வேரூன்றிய கதை அது; பழையனூர் நீலியை அறிந்த தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. பழிவாங்கிய பெண்ணை ‘நீலிக் கண்ணீர்’ என்ற வசையாகச் சுருக்கிய மொழி நம்முடையது. கேரளத்து யட்சிக் கதைகளில் மந்திரவாதி அவள் உச்சந்தலையில் ஆணி அறைந்தால் சக்தி அடங்கும். மார்ஸ்டனின் சங்கிலிக்கு அக்கா முறை. ‘லோகா’ அந்த அச்சமூட்டும் பெண்ணைக் காப்பவளாக்கியது, அவளைக் காதலிக்கும் பையனைப் பயந்து நடுங்குபவனாக வைத்தது, இரண்டும் துணிச்சல். ஆனால் நாம் அவளை நெடுநேரம் அந்த எதிர்வீட்டுப் பையனின் வியப்பு வழியாகவே பார்க்கிறோம். அவளுக்கு மேலே, முகம் காட்டாத மூத்தோன் என்ற தலைவர் ஒருவர் இருக்கிறார். படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அடுத்த அத்தியாயத்தின் அறிவிப்பும் வந்தது: அது டொவினோ தாமஸின் சாத்தன் கதை.